பார்மேல் ஓர் அணிவகுப்பு
(பவளப் பாறைகளில் வாழும் வேட்டை மீன்களின் கூட்டு வாழ்க்கை)

இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாமாண்டு

நம் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. நம் ஊர்களில் மழையே விருந்தாளி. கண்மாய் நிறைந்தால் அதுவே கடல். கடல் மீன் என்றால், தூத்துக்குடியிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வந்து, சந்தையில் கண் வெளுத்துக் கிடக்கும் பாரையும் சாளையுமே எனக்குத் தெரியும். அவை உயிரோடு இருந்தபோது எப்படி வாழ்ந்தன என்று நான் எண்ணியதே இல்லை.

விலங்கியல் பிரிவில் எனக்கு இடம் கிடைத்த அன்று என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, மீனையும் பூச்சியையும் படிச்சுட்டு இந்தப் பட்டாசு ஊர்ல என்ன செய்யப் போற?” அவர் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டாசுத் தொழிலாளி. அம்மா தீப்பெட்டி ஒட்டுவார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை என்று கொள்ளலாம்.

சங்குகுளி அண்ணாச்சி சொன்னது

சென்ற ஆண்டு நம் துறையின் கல்விச் சுற்றுலாவாகத் தூத்துக்குடி சென்றோம். மன்னார் வளைகுடாவில் இராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சூழ்ந்த கடல் 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. இங்கே 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன என்று வகுப்பில் படித்திருந்தோம். ஆனால் கரையில் நின்று பார்த்தால் தெரிவது நீல நீர் ஒன்றே. உள்ளே இருப்பதைச் சொல்ல உள்ளே போனவர் வேண்டுமல்லவா?

அப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைத்தார். நாற்பது ஆண்டுகள் சங்கு குளித்தவர். கடலடிப் பாறைத் திட்டை அவர்கள் ‘பார்’ என்பார்கள். பழைய நாளில் முத்துக் குளித்ததும் இப்பார்களில்தான். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961-இல் நடந்தது. “பார்மேல் என்ன பார்த்திருக்கிறீர்கள், அண்ணாச்சி?” என்று கேட்டோம்.

“எட்டுப் பாகம் ஆழத்துல, பாரோட முனையில நீரோட்டம் வந்து மோதும் தங்கச்சி. அங்கதான் பாரை நிக்கும். நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் மூஞ்சிய வச்சு நிக்கும். ஒண்ணு திரும்புனா அத்தனையும் திரும்பும். ஊளிக் கூட்டம் நம்மளச் சுத்தி வட்டமாப் போகும். நடுவுல நின்னா கிணத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். பகல் பூரா அப்படியே சுத்தும், ஒண்ணையும் கடிக்காது. பொழுது சாயுற நேரம் பாத்தா அந்தக் கூட்டத்தையே காணோம். எல்லாம் வேட்டைக்குப் போயிருக்கும்.”

பாரையும் ஊளியும் பிற மீன்களைத் தின்று வாழ்பவை. ஆங்கிலத்தில் பாரக்குடா எனப்படும் ஊளியின் பற்களைச் சந்தையில் பார்த்தவர்க்கு விளக்கம் தேவையில்லை. ஆடு கூட்டமாகப் போவதற்குக் காரணம் உண்டு; புலி ஏன் கூட்டமாகப் போக வேண்டும்? பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் இக்கேள்வி என்னை விடவில்லை. நூலகத்தில் தேடியும் பேராசிரியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

திரளும் அணியும்

மீன்கள் சேர்ந்திருப்பதில் இரு நிலைகள் உண்டு. உணவுக்காகவோ நிழலுக்காகவோ ஒன்றையொன்று நாடிக் கூடி, அவரவர் போக்கில் திரிந்தால் அது திரள். நம் கல்லூரி வாயிலில் காலை ஒன்பது மணிக்குக் காணும் கூட்டத்தைப் போன்றது. எல்லாம் ஒரே திசை நோக்கி, ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நீந்தினால் அது அணி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் அணிவகுத்துச் செல்வதைப் போன்றது. ஒரே மீன்கூட்டம் சில நிமிடங்களில் திரளிலிருந்து அணியாகவும், அணியிலிருந்து திரளாகவும் மாறும்.

அணிவகுப்புக்குக் கட்டளையிடும் தலைவர் உண்டு. மீன் அணிக்கோ நிலையான தலைவன் இல்லை. முன்னே சென்றது, கூட்டம் திரும்பியவுடன் பக்கத்திலோ பின்னிலோ ஆகிவிடும். அப்படியாயின் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொரு மீனும் அருகிலுள்ள சிலவற்றை மட்டுமே கவனிக்கிறது. மிக நெருங்கினால் விலகு. மிக விலகினால் நெருங்கு. அருகிலிருப்பது போகும் திசையில் போ. இம்மூன்று விதிகள் போதும். 1982-இல் ஜப்பானிய அறிஞர் ஆவோகி கணிப்பொறியில் இத்தகைய விதிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, தலைவன் இல்லாமலே கூட்டம் ஒன்றாக நகர்ந்தது. பின்னால் செய்யப்பட்ட கணக்கீடுகளில், விதிகளின் அளவைச் சிறிது மாற்றினால் கூட்டம் வளையமாகச் சுற்றத் தொடங்குவதும் தெரிந்தது. அண்ணாச்சி கண்ட ஊளிக் கிணறு அதுதான். வட்டமிட வேண்டும் என்று எந்த மீனும் முடிவு செய்வதில்லை. முன்னால் போவதைத் தொடர்கிறது, அவ்வளவே.

கண்ணும் பக்கக்கோடும்

அருகிலிருப்பதை மீன் எப்படி அறிகிறது? கண்ணால் என்போம். ஆனால் மீனுக்கு நமக்கில்லாத புலன் ஒன்று உண்டு. சாளையைத் தவிர்த்துப் பெரும்பாலான மீன்களின் உடலில், செவுள் மூடியிலிருந்து வால்வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைக் காணலாம். அதுவே பக்கக்கோடு. அதன் நுண்துளைகளுக்குள் உள்ள உணர்மயிர்கள் நீரின் அசைவை அறிகின்றன. பக்கத்து மீன் வாலை வீசினால் அந்த அலை இதன் உடலில் படுகிறது. தொடாமலே தொடும் உணர்வு என்று இதனைச் சொல்லலாம். அடுத்த முறை வீட்டில் பாரை வாங்கினால் கழுவுமுன் பாருங்கள். முன்பாதியில் வில்போல வளைந்து, பின்பாதியில் நேராகி, வால் அருகே தடித்த செதில்களோடு அக்கோடு முடியும்.

பார்ட்ரிட்ஜ், பிட்சர் என்னும் இருவர் 1980-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். அணியாக நீந்தும் ஒருவகைக் கடல் மீனின் கண்களைத் தற்காலிகமாக மூடி, பார்வையுள்ள கூட்டத்தில் விட்டனர். அது கூட்டத்தோடு சேர்ந்தே நீந்தியது. ஆனால் சற்றே விலகி நின்றது. வேறொரு மீனின் பக்கக்கோட்டு நரம்பைத் துண்டித்தனர். அதுவும் சேர்ந்து நீந்தியது. ஆனால் அளவுக்கு மீறி நெருங்கியது. இரண்டையும் இழந்த மீனால் கூட்டத்தோடு சேர முடியவில்லை. நெருங்கச் சொல்வது கண். விலகச் சொல்வதில் பக்கக்கோட்டுக்குப் பெரும்பங்கு. இரண்டும் சேர்ந்துதான் சரியான இடைவெளி அமைகிறது. நம் வாழ்க்கைக்கும் பொருந்தும் அல்லவா?

இரைக்குக் கூட்டம் ஏன்?

வேட்டை மீனைப் பற்றி அறியுமுன் அதன் இரையைப் பற்றி அறிய வேண்டும். 1971-இல் ஹாமில்டன் என்னும் ஆங்கில உயிரியலறிஞர் கற்பனைக் குளம் ஒன்றை வரைந்தார். நாம் அதனை நம் கண்மாய் என்று கொள்வோம். கரையைச் சுற்றிலும் தவளைகள். நீரிலிருந்து பாம்பு எழுந்து தனக்கு அருகிலுள்ள ஒரு தவளையைப் பிடிக்கும். எங்கே எழும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது புத்தியுள்ள தவளை என்ன செய்யும்? இரண்டு தவளைகளுக்கு நடுவே போய் உட்காரும். எல்லாத் தவளைகளும் அப்படியே செய்தால், கரை முழுதும் பரவியிருந்தவை சில குவியல்களாகிவிடும். யாரும் யாருக்கும் உதவவில்லை. அவரவர் உயிரைக் காக்கவே கூட்டம் உண்டாயிற்று. நூறு சாளையில் ஒன்றாக இருந்தால், ஒரு கடிக்கு நான் அகப்படும் வாய்ப்பு நூற்றில் ஒன்று.

இன்னொரு பயன் குழப்பம். நீல், கல்லென் என்போர் 1974-இல் கணவாய் முதலிய வேட்டையாடும் உயிர்களைக் கொண்டு சோதித்தனர். இரைக்கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு பாய்ச்சலிலும் வெற்றி குறைந்தது. இருபது வெள்ளி உடல்கள் ஒன்றாக மின்னும்போது எதனைத் துரத்துவது என்று தெரியாமல் கண் தடுமாறுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். 1986-இல் லாண்டோ, டெர்பார்க் என்னும் இருவர், எட்டு வெள்ளிநிறக் குஞ்சுமீன்களின் கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு நீலச் சாயம் ஏற்றி வேட்டை மீனுக்கு முன் விட்டனர். அதுவரை தடுமாறிய வேட்டை மீனுக்கு வேலை எளிதாயிற்று. வேறுபட்டுத் தெரிவது ஆபத்து. இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் பட்டாசு ஆலை வேனில் ஏற, நான் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் கல்லூரிப் பேருந்துக்கு நின்ற முதல் மாதம் நினைவுக்கு வந்தது. தெருவின் பார்வை முழுதும் என்மேல் இருந்தது.

வேட்டை மீனுக்குக் கூட்டம் ஏன்?

இப்போது பாரைக்கு வருவோம். பீட்டர் மேஜர் என்பவர் ஹவாய்த் தீவில் பெரும்பாரை இனத்தை நெத்திலி வகை ஒன்றோடு விட்டுக் கண்டவற்றை 1978-இல் வெளியிட்டார். தனித்து விடப்பட்ட பாரை, அணியாக நின்ற நெத்திலிக் கூட்டத்தை உடைக்கத் திணறியது. பல பாரைகள் சேர்ந்து பாய்ந்தபோது கூட்டம் சிதறியது. சிதறிப் பிரிந்தவை இரையாயின. எல்லாருக்கும் சமபங்கு கிடைக்கவில்லை. முன்னே சென்ற பாரைகளுக்கே அதிகம் கிடைத்தது. கூட்டத்திலிருந்து பிரிந்துவிட்ட ஒற்றை நெத்திலியைப் பிடிக்கவோ, கூட்டுப் பாய்ச்சல் தேவைப்படவில்லை. தனிப் பாரையே போதும். ஆகவே இரையின் கூட்டமே வேட்டையாடியையும் கூட்டமாக்கியது. பூட்டு கடினமாக ஆக, திறவுகோலும் மாறியது.

மயில்மீன் என்று நம் மீனவர் அழைக்கும் நீண்ட அலகுடைய மீனைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. அவை சாளைக் கூட்டத்தைச் சூழ்ந்துகொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்துப் பாய்கின்றன. பெரும்பாலான பாய்ச்சல்களில் ஒன்றும் அகப்படுவதில்லை. ஆனால் அலகு பட்டுச் சாளைகள் காயமடைகின்றன. நேரம் செல்லச் செல்லக் காயம்பட்டவை பெருகுகின்றன, பிடிப்பது எளிதாகிறது. ஒன்று காயப்படுத்தியதை மற்றொன்று உண்கிறது. திட்டமிட்ட கூட்டுறவு என்று இதனைச் சொல்ல முடியாது. ஆயினும் கூட்டுறவின் பயன் கிடைத்துவிடுகிறது.

வேறினத்தோடு சேர்வதும் உண்டு. செங்கடலில் களவா மீன் ஒன்று, பாறை இடுக்கில் உறங்கும் விலாங்கு வகை மீனின் முன்னே போய்த் தலையை அசைத்து வேட்டைக்கு அழைப்பதை 2006-இல் பிஷாரியும் உடனாய்வாளரும் விவரித்தனர். களவா திறந்த நீரில் துரத்தும். விலாங்கு பொந்துக்குள் புகும். இரைக்கு ஒளிய இடமில்லை.

சரி, பகலெல்லாம் வேட்டையாடாமல் சுற்றுவது ஏன்? வேட்டை மீனுக்கும் அதனினும் பெரிய வேட்டை மீன் உண்டு. ஊளியையும் பாரையையும் சுறா தின்னும். ஆகவே ஓய்வு நேரத்தில் அவையும் ஹாமில்டனின் தவளைகளே. அந்தி நேரத்தில் நிலைமை மாறுகிறது. பகலில் திரியும் சிறுமீன்கள் பொந்துக்குத் திரும்பும் வேளை. ஒளி குறைந்து அவற்றின் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாத வேளை. மங்கிய ஒளியில் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கும் வேட்டை மீனுக்கு, வானத்தின் வெளிச்சத்தில் இரை நிழலாகத் தெரியும். அதனால்தான் பொழுது சாயும்போது அண்ணாச்சியின் பாரைக் கூட்டம் காணாமற் போகிறது.

கூட்டமே கேடாகும் இடம்

இதுவரை படித்தபின் கூட்டம் எப்போதும் நன்று என்ற முடிவுக்கே நான் வந்திருந்தேன். ‘தனிமரம் தோப்பாகாது’ என்று கட்டுரையை முடித்தும் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்ப எங்க ரூம்ல ஏன் நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுங்கிறாங்க?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும் என்பதும் விதி. உராய்வில் ஒரு பொறி தெறித்தால், அறையிலிருக்கும் அனைவரையும் அது எடுக்கும். பத்துப் பேர் சேர்ந்திருந்தால் ஆபத்து பத்தாகப் பங்கிடப்படாது, பத்தாகப் பெருகும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாளை நம் வட்டாரத்தில் மறந்தவர் இலர். முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கே வேலை செய்தவர் அல்லர்; முதலில் எழுந்த புகையைக் கண்டு உதவிக்கு ஓடியவர்களும், பார்க்கப் போனவர்களும். பின்னால் நிகழ்ந்த பெருவெடிப்பு அவர்களைக் கொண்டது. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா எங்கள் தெருமுனையில் இரு கைகளையும் விரித்து நின்று, சைக்கிளில் கிளம்பிய இளைஞர்களை மறித்தது நினைவிருக்கிறது. அன்று அவரைக் கோழை என்று ஏசியவரும் உண்டு. ஒருவர் ஓடினால் அடுத்தவர் ஓடுவதும், அவரைக் கண்டு நூறு பேர் ஓடுவதும் மீனுக்கு மட்டும் உரிய விதி இல்லை என்று இப்போது விளங்குகிறது.

அப்பாவின் கேள்வியோடு மறுபடி கடலைப் பார்த்தேன். அங்கும் அதே கணக்கு இருந்தது. மீனின் கூட்டம், ஒரு நேரத்தில் ஒன்றைக் கடிக்கும் வாய்க்கு எதிராகப் பல கோடி ஆண்டுகளில் உருவானது. வலை ஒன்றைக் கடிப்பதில்லை, இடத்தையே வளைக்கிறது. சுருக்குமடி வலை போன்றவை கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி அத்தனையையும் அள்ளிவிடும். கூட்டம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு எளிது. தமிழக அரசு அவ்வலைக்கு 2000-ஆம் ஆண்டில் தடை விதித்ததன் காரணம் இதிலிருந்தே புரியும். களவா இனங்கள் சில முட்டையிட ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடும். கரீபியன் கடலில் அவ்விடங்களை அறிந்துகொண்டு பிடித்ததால், பல கூடுமிடங்கள் வெறுமையாயின. பாரும் அப்படியே. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் நீர் வெப்பமேறிப் பவளங்கள் வெளுத்தன; 2016-இல் பெருமளவு மடிந்தன. ஒதுங்கப் பவளம் இல்லையேல் சிறுமீன் இல்லை. சிறுமீன் இல்லையேல் பாரைக்கு அங்கே வேலையில்லை. அண்ணாச்சியும் விடைபெறும்போது, “இப்பல்லாம் அந்த மாதிரிக் கூட்டம் பாக்கறது கொறஞ்சு போச்சு” என்றார்.

ஆகவே முன்பு எழுதிய முடிவை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: ஆபத்து ஆளை எடுப்பதாயின் கூடி நில்; இடத்தை எடுப்பதாயின் பிரிந்து நில். அப்பா இதைக் கேட்டுவிட்டு, “பாம்பு ஆளைக் கடிக்கும், தீ இடத்தைக் கடிக்கும்னு சொல்லிட்டுப் போயேன்” என்றார். பாடநூலில்கூட இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

கூட்டத்தைத் திருப்புவது யார்?

இன்னொரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். தலைவனில்லாக் கூட்டம் எப்போதும் பழைய வழியிலேயே போகுமா? 2000-ஆம் ஆண்டில் ரீப்ஸ் என்னும் கனடா நாட்டு ஆய்வாளர், தொட்டியின் ஒரு மூலையில் நண்பகலில் உணவு கிடைக்கும் என்று சில நன்னீர் மீன்களைப் பழக்கினார். பின்பு பன்னிரண்டு மீன் கொண்ட கூட்டத்தில், பழகியவை ஐந்து, மூன்று, ஒன்று என வைத்துப் பார்த்தார். நண்பகலில் பழகிய மீன் அந்த மூலைக்குப் புறப்பட்டது. அறியாதவையும் உடன் சென்றன. ஒரே ஒரு மீன் மட்டும் அறிந்திருந்த கூட்டங்களிலும் இது நடந்தது. அது மற்றவற்றை விரட்டவில்லை, அழைக்கவில்லை. தான் அறிந்த திசையில் போயிற்று, அவ்வளவே.

வேறுபட்டுத் தெரியும் மீனுக்கு ஆபத்து என்று முன்பு சொன்னேன். அது மெய். வழி அறிந்த மீனைக் கூட்டம் தொடரும் என்பதும் மெய்யே. இந்த ஆண்டு சூன் மாதம் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் எதிர்வீட்டுப் பெண் கையில் புதிய நோட்டுகளோடு வந்து நின்றாள். அவளும் நம் கல்லூரியில்தான் சேர்ந்திருக்கிறாள், கணிதப் பிரிவு. நான் அவளை அழைக்கவில்லை. “நீங்க போறதப் பாத்து எங்கம்மா சரின்னுட்டாங்க அக்கா” என்றாள்.

எங்கள் நிறுத்தத்தில் இப்போது இருவர் நிற்கிறோம். அணி என்று சொல்ல இன்னும் நாளாகும். திரள் என்று சொல்லத் தொடங்கலாம். அப்பா தம் பழைய கேள்வியை இப்போது கேட்பதில்லை. சந்தைக்குப் போனால் பாரையைப் புரட்டிப் பக்கக்கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்.